விழுங்கிய வாக்கியங்கள் விழுந்த ஊர்

கசேதானி என்ற ஊரில், சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விழுங்கிய வாக்கியங்கள் எல்லாம் கல்லாகக் கீழே விழத் தொடங்கியது ஒரு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அந்த ஊர் நடுநிலைப்பள்ளியின் எட்டாம் வகுப்பில், மூன்றாவது பீரியடில், ஆங்கிலப் பாடத்தின் நடுவில். மலைக்கும் ஜப்பான் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற சின்ன ஊர் அது. பள்ளியில் மொத்தமே நாற்பத்தோரு பிள்ளைகள், எட்டாம் வகுப்பில் பதினான்கு பேர்.

அந்த நேரத்தில் கரும்பலகைக்குப் பக்கத்தில், தனக்கென்று ஒதுக்கியிருந்த மூலையில், அமலோற்பவம் நின்றுகொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி, இருபத்தாறு வயது, ஏப்ரலில்தான் உதவி ஆங்கில ஆசிரியையாக அங்கே வந்து சேர்ந்திருந்தாள். உதவி ஆசிரியைக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் பெரிது பெரிதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவள், வந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள், அது டேப் ரெக்கார்டர் வேலை என்று. குரோயிவா சென்செய் தலையை அசைத்தால் இவள் ஒரு வாக்கியத்தை வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கூடவே சொல்லுவார்கள், அவர் கையைக் காட்டினால் நிறுத்திக்கொண்டு மறுபடி மூலைக்குப் போய்ச் சிரித்தபடி நிற்க வேண்டும். அமலோற்பவம் என்ற பெயர் அந்த ஊர் நாக்குக்கு நீளம் என்பதால் அமரோ சென்செய் ஆகியிருந்தாள். சென்செய் என்றால் ஆசிரியர். டேப் ரெக்கார்டருக்கும் அந்த ஊரில் மரியாதை உண்டு.

குரோயிவா சென்செய்யைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தேழு வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறவர், எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் அவர்தான். பாடப்புத்தகத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்ப்பார், பிள்ளைகள் ஒரு வார்த்தையை விட்டால் ஒரு மதிப்பெண்ணைக் கழிப்பார், ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு ஆங்கில வாக்கியத்தை வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அமலோற்பவத்திடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாளில் அச்சடித்த மாதிரி எழுதி அவள் மேஜையில் ஒட்டிவிட்டுப் போவார். இருவர் மேஜைக்கும் நடுவே இரண்டு அடிதான் தூரம். அவர் ஒட்டுவதையும், ஒட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதையும் அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தகுமி என்ற பையனிடம் அவர், பாடப்புத்தகத்தில் இருந்தபடியே, உனக்குப் பிடிக்காத உணவு எது என்று கேட்டார். தகுமி எழுந்து நின்றான், உதட்டைத் திறந்தான், ஏதோ நாக்கு நுனிவரை வந்தது, தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று அது அப்படியே திரும்பிப் போனது, அவன் சட்டைக் கைக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைக் கல் டொக்கென்று மரத்தரையில் விழுந்து உருண்டு அமலோற்பவத்தின் கால் விரலில் முட்டியது. எடுத்தாள். சூடாக இருந்தது. எதற்கோ காதருகே கொண்டுபோனாள். உள்ளேயிருந்து தகுமியின் குரல், சுத்தமான ஆங்கிலத்தில், தனக்கு நொதித்த சோயா பிடிக்காது, அதன் வாசனை தாத்தாவின் காலுறை மாதிரி இருக்கிறது என்று சொன்னது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தகுமியிடம் கல்லைக் கொடுத்தாள், அவன் கேட்டுப் பார்த்து, தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிறவன்போல அதை மெதுவாக வாயால் சொன்னான், சொல்லி முடித்ததும் கல் உப்புக்கட்டி தண்ணீரில் கரைகிற மாதிரி அவன் உள்ளங்கையில் கரைந்து போனது. குரோயிவா சென்செய் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அந்த ஊர்ப் பள்ளிகளில் வகுப்பறையைப் பெருக்க ஆள் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளேதான் தலையில் துணி கட்டிக்கொண்டு பெருக்குவார்கள், துடைப்பார்கள். அன்று எட்டாம் வகுப்பில் மட்டும் அரை முறம் கல் வந்தது. இதை எந்தக் குப்பையில் போடுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதுதான் அந்த ஊரின் முதல் கேள்வி, ஏறக்குறைய கடைசிக் கேள்வியும்கூட. நம் ஊராக இருந்தால் அதற்குள் மஞ்சள் துணி சுற்றி உண்டியல் வைத்திருப்போம். அங்கே எரியும் குப்பை செவ்வாயும் வெள்ளியும், பிளாஸ்டிக் புதன், எரியாத குப்பை மாதத்தின் முதல் திங்கள் என்று எல்லாவற்றுக்கும் கிழமை உண்டு, கிழமை இல்லாத ஒரு பொருள் ஊருக்குள் இருந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

நகர அலுவலகத்தில் குப்பைப் பிரிவைக் கவனிக்கிற நிஷிகாவா வந்தார், கையுறை போட்டு ஒரு கல்லை எடுத்து, முகர்ந்து, அளந்து, படம் எடுத்து, ஒரு வாரம் யோசித்து, சோதனைக்காக ஒரு வாளிக் கல்லை ஊர் ஓரத்து எரி ஆலையில் போட்டார். கல் எரிந்தது. ஆனால் புகைபோக்கி வழியாக அந்த வாளியிலிருந்த வாக்கியங்கள் எல்லாம் பிள்ளைகளின் குரலிலேயே ஊர்மேல் பரவின. வயலில் குனிந்து நின்றவர்களும் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் கப்பல்துறையில் கணவாய் மீனை அடுக்கிக்கொண்டிருந்தவர்களும், என் அண்ணன் நல்லவன், எனக்கு ஒரு நாய் வேண்டும், நேற்று மழையில் நான் வேண்டுமென்றே நனைந்தேன், என்று அரைமணி நேரம் ஆங்கிலம் கேட்டார்கள். மறுநாள் நகர அலுவலகத்தின் சட்ட ஆலோசகர், இவை தனிநபர் தகவல்கள், உரியவரைத் தவிர யாரும் காதில் வைக்கக்கூடாது, உரியவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நிஷிகாவாவுக்குப் பெரிய நிம்மதி. கிழமை இல்லாவிட்டாலும் ஒரு விதி கிடைத்துவிட்டதே.

தையல் வகுப்பில் பதினான்கு பேரும் ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்து, பெயர் எழுதி, மேஜையின் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். விழுந்த கல்லை அதற்கு உரியவரே எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது, சொல்லத் துணிந்த அன்றைக்கு எடுத்துச் சொல்லிக் கரைத்துவிடுவது என்று ஒரு வழக்கம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. ஜூலைக்குள் கல் பள்ளியைத் தாண்டிவிட்டது. நகர சபைக் கூட்டத்தில் வாக்கெடுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது நாற்காலிகளுக்கு அடியில் ஆங்கிலம் இல்லாத, நல்ல ஜப்பானியக் கற்கள் கிடந்தன. முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தட்டு வைத்தார்கள், ஏனென்றால் முடி வெட்டி முடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்கிற நேரத்தில்தான் அங்கே அதிகமாக விழுந்தது. ஐம்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த ஒரு தம்பதி திருமண நாளில் தங்கள் பைகளை மாற்றிக்கொண்டு, மூன்று நாள் கடையைத் திறக்காமல் கேட்டார்கள் என்றும், நான்காம் நாள் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள் என்றும் பேச்சு.

அமலோற்பவம் இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடிக்குப் போனில் சொல்லுவாள்.

"கல்லு விழுதுன்னு சொல்லுத, வீட்டு ஓனரு ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?" என்றாள் அம்மா.

"எல்லார் வீட்லயும்தாம்மா விழுது."

"நம்ம வீட்ல ஒரு கல்லு விழாது, பாத்துக்க. நாமதான் எல்லாத்தையும் கத்தித் தீத்துருவோம்லா. சரி, நீ நல்லாருக்கியாட்டி?"

"நல்லாருக்கேம்மா."

டொக்.

"என்னட்டி அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா, ஸ்பூன் விழுந்துட்டு."

அவள் வீட்டில் சுருக்குப்பை போதவில்லை. ஐந்து கிலோ அரிசிப்பை ஒன்றைக் கதவுக்குப் பின்னால் வைத்து அதில் போட்டு வந்தாள், அதுவும் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அந்த ஊர் மொழியில் இவளுக்குத் தைரியமாக வருகிற வாக்கியம் ஒன்றுதான், பரவாயில்லை என்பது. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு பத்து முட்டையையும் கையில் ஏந்திக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வருவாள். பிள்ளைகளைப் பார்த்து, தப்பானால் என்ன, வாயைத் திறந்து பேசுங்கள் என்று தினமும் சொல்லுகிறவளின் லட்சணம் இது.

அக்டோபரில் திறந்த வகுப்பு வந்தது. வருடத்துக்கொரு முறை மற்ற பள்ளி ஆசிரியர்களும் கல்வி அலுவலர்களும் பெற்றோரும் வகுப்பின் பின்பக்கம் சுவரோரமாக அட்டையும் பேனாவுமாக நின்று, ஒரு முழுப் பாடத்தையும் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த முறை பாடத்தை அமரோ சென்செய்யே நடத்தட்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டை வெட்டி, படம் ஒட்டி, அவள் தயாரானாள். எனக்கு எது நன்றாக வரும் என்பதுதான் பாடம்.

பதினான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை. முப்பது பெரியவர்கள் பின்னால் நிற்கும்போது எனக்கு இது நன்றாக வரும் என்று அந்த ஊரில் எந்தப் பிள்ளையும் சொல்லாது. தன்னைத் தானே மெச்சிக்கொள்வது அங்கே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி. அவள் கேட்கக் கேட்க ஆலங்கட்டி மழையாகக் கல் விழுந்தது, பேனாக்கள் அட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தன. இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறார்கள், எனக்கும் ஒன்றும் தெரியாது என்று எழுதுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது வரிசையில் கோஹருவின் மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்தாள், காதில் வைத்தாள், அது அவ்வளவு நேர்த்தியான வாக்கியமாக இருந்தது, அதை அவள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இந்த வகுப்பில் எல்லோரையும்விட நான் நன்றாகப் பாடுவேன்."

சொல்லிவிட்டு, "எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள்! கோஹரு, ஒரு பாட்டுப் பாடு!" என்று கைதட்டினாள். தூத்துக்குடியில் ஒரு பிள்ளையை அப்படிச் சொன்னால் எழுந்து நாலு பாட்டுப் பாடிவிட்டுத்தான் உட்காரும்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நவம்பரில் பள்ளியில் சேர்ந்திசைப் போட்டி, ஒவ்வொரு வகுப்பும் ஒரு குரலாகப் பாட வேண்டும், ஒரு மாதமாகத் தினமும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக்கு ரின் என்ற பெண் தலைவி. கோஹரு பின்வரிசையில் நின்று, யாருடைய குரலையும் தாண்டிவிடாமல், அடக்கி அடக்கிப் பாடி வந்தவள். அமலோற்பவம் கைதட்டியதும் பின்னால் நின்ற பெரியவர்கள் மரியாதைக்காகச் சேர்ந்து தட்டினார்கள். ரின் எழுந்து, கோஹருவின் பக்கம் திரும்பி, இடுப்புவரை வளைந்து வணங்கி, "எங்களுக்கு இது தெரியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று உண்மையான மரியாதையோடு சொன்னாள். அந்த மரியாதைதான் கோஹருவைக் கொன்றது. அமலோற்பவத்தின் கையிலிருந்த கல் கரையவில்லை, அதன் சூடு மட்டும் போய் ஐஸ் மாதிரி ஆனது.

மறுநாள் கோஹரு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அமலோற்பவத்தை யாரும் திட்டவில்லை, தலைமை ஆசிரியை டீ ஊற்றிக் கொடுத்தார், பெற்றோர் பார்த்த இடத்தில் வணங்கினார்கள். குரோயிவா சென்செய் மட்டும் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். அந்தக் கல் உங்களுடையது அல்ல, என்று அதில் இருந்தது. அவள் அதைக் கழிப்பறைக்குள் எடுத்துப் போய் ஒருமணி நேரம் அழுதாள். அந்த மனிதரின் இருபத்தேழு வருட ஆங்கிலத்தில் இதைவிடச் சரியான வாக்கியம் வந்திருக்காது.

அதன் பிறகு எட்டாம் வகுப்பில் கல் விழுவது நின்றது. ஒரு கல்கூட இல்லை. பெருக்கினால் பென்சில் சீவலும் தூசியும்தான். நிஷிகாவா நேரில் வந்து வெறும் முறத்தைப் படம் எடுத்துக்கொண்டு, ஒத்துழைப்புக்கு நன்றி என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊரெல்லாம் விழுகிறது, இங்கே மட்டும் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள், சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள், வணங்கினார்கள். ஆனால் நாக்கு நுனிவரைகூட இப்போது எதுவும் வருவதில்லை என்பது அமலோற்பவத்துக்குப் புரிந்தது. எடுத்து எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளை வாக்கியம் செய்யும்? அந்தச் சுத்தமான தரையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பதினான்காவது மேஜை காலியாக இருந்தது, அதன் கொக்கியில் கோஹருவின் பை, உள்ளே அவள் திருப்பிப் போட்ட அந்த ஒற்றைக் கல்.

மூன்றாவது வாரம் அவள் குரோயிவா சென்செய்யின் மேஜை முன்னால் போய் நின்று, கோஹரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். உதவி ஆசிரியை தனியாக ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகக்கூடாது, வகுப்பாசிரியர்தான் அழைத்துப் போக வேண்டும். அவர் பல்லிடுக்கில் ஸ்ஸ் என்று காற்றை இழுத்து, "அது கொஞ்சம்..." என்றார். அந்த ஊரில் கொஞ்சம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவர் சட்டைக் கைக்குள்ளிருந்து இரண்டு கல் விழுந்தது. அவர் அவற்றைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார். அங்கே ஏற்கெனவே மூன்று வாளி நிறைய இருந்தது. மறுநாள் காலையில் மஞ்சள் தாள்: சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. ஷூவைக் கழற்ற வேண்டிவரும், காலுறையில் ஓட்டை இருக்கக்கூடாது.

கோஹருவின் அப்பா தொமிதா வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். அம்மா இல்லாத வீடு. முற்றம் முழுக்கச் சாம்பல் நிறச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன, மாடியில் ஒரே ஒரு ஜன்னல், அடைத்திருந்தது. குரோயிவா சென்செய் மூன்று வாரத்து வீட்டுப்பாடத் தாள்களையும் கோஹருவின் சுருக்குப்பையையும் இரு கைகளாலும் நீட்டினார். தொமிதா அவற்றை உள்ளே கொண்டுபோய் மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தார்.

"மேலேதான் இருக்கிறாள். தட்டு உள்ளே போகிறது, காலியாகி வெளியே வருகிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்" என்றார். நல்ல உடம்புக்காரர், அழக்கூடாது என்று தாடையை இறுக்கிக்கொண்டு நின்றார். இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அமலோற்பவத்துக்கு வெட்கமாக இருந்தது.

அவளும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள், ஆனால் அந்த ஊரில் மன்னிப்பு காலையிலிருந்து சாயங்காலம்வரை காற்று மாதிரி வீசிக்கொண்டே இருக்கிறது, இன்னொன்றைச் சேர்ப்பதால் அந்த ஜன்னல் திறக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அரிசிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முற்றத்தின் நடுவில் சிமெண்டுத் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, பையைப் பிரித்து, முதல் கல்லை எடுத்து, காதில் வைத்துக் கேட்டு, மாடியைப் பார்த்து, தட்டுத் தடுமாறுகிற ஜப்பானிய மொழியில் உரக்கச் சொன்னாள்.

"எனக்குப் பை வேண்டும். முட்டை வாங்கும்போது எனக்கு எப்போதுமே பை வேண்டும்."

கல் கரைந்தது. தொமிதா கண்ணைக் கொட்டினார்.

"மதியச் சாப்பாட்டோடு தருகிற பால் எனக்குப் பிடிக்கவே இல்லை." அடுத்தது. "ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிக்கும்போது எனக்குப் புரியவில்லை, ஆனாலும் நானும் சிரிக்கிறேன்." அடுத்தது. "தலைமை ஆசிரியையின் நாய்க்குட்டிப் படங்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்." பக்கத்து வீட்டு வேலிமேல் ஒரு தலை தெரிந்தது, பிறகு இரண்டு, அந்த ஊர் நாகரிகப்படி அவை உடனே மறைந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டன. அவள் சொல்லச் சொல்ல முழங்கால் வலித்தது, குரல் கட்டியது, தப்புத் தப்பாகத்தான் வந்தது, ஒரு கல்லை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று தமிழில் இருந்தது. "எனக்கு இங்க பேச்சுத் துணைக்கு ஒரு ஆளில்லம்மா." அதையும் மாடியைப் பார்த்தே சொன்னாள். யாருக்கும் புரியவில்லை, ஆனால் குரோயிவா சென்செய் தன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அங்கே கிடந்த ஒரு கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பையின் அடியில் ஒரு கல் மிச்சம் இருந்தது, கோழிமுட்டை அளவு. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். ஜூன் மாதத்திலிருந்து கிடக்கிறது. அவள் அதைக் கையில் எடுத்தாள், பக்கத்தில் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு நிற்கிறவரைப் பார்த்தாள், கல்லைப் பைக்குள் திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். இதைச் சொன்னால் திங்கட்கிழமை முதல் அந்த இரண்டடி இடைவெளியில் எப்படி உட்காருவது? முகம் எரிந்தது. இதே எரிச்சலைத்தானே அந்தப் பிள்ளைக்கு முப்பது பேர் நடுவில் கொடுத்தேன் என்று தோன்றியதும், வாயைத் திறந்துவிட்டாள்.

"குரோயிவா சென்செய்யைவிட நான் நன்றாகப் பாடம் நடத்துவேன்."

கல் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. வேலிக்குப் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். குரோயிவா சென்செய் அசையவில்லை, காது மட்டும் நுனியிலிருந்து சிவந்துகொண்டே வந்தது. அவர் சட்டைக் கைக்குள்ளிருந்து கல் எதுவும் விழவில்லை. அமலோற்பவம் காலியான அரிசிப்பையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தாள். இனி செய்ய ஒன்றும் இல்லை.

அப்போது மாடி ஜன்னல் திறந்தது. மூன்று வாரமாகச் சீவாத தலையோடு கோஹரு இடுப்புவரை வெளியே எட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்தில், தெரு முனைவரை கேட்கிற குரலில், யாரும் கேள்வி கேட்காமலே, பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தையும் பார்க்காமல், அவளாகவே செய்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்.

"இல்லை. அவர்தான் நன்றாக நடத்துவார். நீங்கள் ரொம்பப் பேசுகிறீர்கள்!"

அமலோற்பவத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏப்ரலிலிருந்து அவள் எடுத்த பாடம் அத்தனையிலும் ஒரு பிள்ளை எழுந்து அவளை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு குரலா! எல்லோரையும்விட நன்றாகப் பாடுவேன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும் இந்தப் பிள்ளை?

தொமிதாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. மகளின் குரலை மூன்று வாரம் கழித்துக் கேட்ட மனிதர் ஓடிவந்து குரோயிவா சென்செய்யின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னாள்? சென்செய், என் பெண் என்ன சொன்னாள்?"

குரோயிவா சென்செய் தடுமாறிப்போனார். இருபத்தேழு வருடம் ஒரு வார்த்தை கூட்டாமல் ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தவர். ஆனால் நான்தான் நன்றாகப் பாடம் நடத்துகிறேன் என்று உங்கள் பெண் சொல்லுகிறாள் என்று, தன் வாயாலேயே, ஒரு தகப்பனிடம், வேலிக்குப் பின்னால் பத்துப் பேர் கேட்க, எப்படிச் சொல்லுவார்? பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். ஷூவைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். பிறகு தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகத் தப்பாக மொழிபெயர்த்தார்.

"திங்கட்கிழமை பள்ளிக்கு வருகிறாளாம்" என்றார்.

ஜன்னலில் கோஹரு அதைக் கேட்டாள். அவளுடைய சொந்த மொழியில்தானே சொன்னார், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவள் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவள் சொல்லலாம், அல்லது சொல்ல வந்து விழுங்கிவிடலாம், அப்படி விழுங்கினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொமிதாவும் அமலோற்பவமும் குரோயிவா சென்செய்யும் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையைப் பார்த்தார்கள்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கல் எதுவும் விழவில்லை.